எல்லாரும் படுத்த பிறகு

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது ஊருக்கே தெரியும். நான் படிப்பிக்கும் பாடசாலைக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும், மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றும் தம்பிக்கும் தெரியும். கேட்காமலே சீனி போடாத பிளேன் டீயைக் கொண்டுவந்து வைப்பான். இன்னொரு வருத்தமும் எனக்கு இருந்தது. பல வருடமாக அதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அது ஒரு வருத்தம் என்றே எனக்குத் தெரியாது. என் குணத்தில் ஏதோ கோளாறு, ஆசையை அடக்கத் தெரியாத பிறவி நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு குசினிக்குப் போவேன். லைட் போடமாட்டேன். முதலில் ஒரு மாரி பிஸ்கட். அதை மென்று முடிப்பதற்குள் கை அடுத்ததை எடுத்துவிடும். பக்கற் வெறுமையான பிறகுதான் எவ்வளவு சாப்பிட்டேன் என்ற யோசனையே வரும். பிறகு மிஞ்சிய பாண். ஒரு துண்டில் மாஜரின் பூசி, மேலே சீனி தூவி, மடித்து வாய்க்குள் வைத்து, அது தொண்டையில் இறங்குவதற்கு முன்பே அடுத்த துண்டுக்குப் பூசிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு சோற்றுப் பானை. மூடி சத்தம் போடாமலிருக்க விளிம்பில் துணியைச் சுற்றிப் பிடித்துத் திறப்பேன். ஆறிப்போன சோற்றில் பருப்பை ஊற்றி, நின்றபடியே அள்ளி அள்ளித் தின்பேன். ருசி தெரியாது. வயிறு நோகத் தொடங்கினாலும் கை நிற்காது. என் கைதான், ஆனால் என் சொல் கேட்காது. முடிந்ததும் பிஸ்கட் உறையைச் சின்னதாக மடித்துக் கைப்பைக்குள் வைப்பேன். காலையில் பஸ் ஏறப் போகும்போது அது வீதியோரக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். இனி ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டேன் என்று முத்துமாரி அம்மன்மேல் சத்தியம் பண்ணிவிட்டுப் படுப்பேன். அந்தச் சத்தியம் எனக்குத் தந்ததெல்லாம் அடுத்த முறை இன்னும் கூடுதலான வெட்கம் மட்டும்தான்.

மருத்துவர்கள் இதைப் பிஞ்ச் ஈட்டிங் டிஸோர்டர் என்கிறார்கள். கட்டுப்பாடு இழந்து உண்ணும் நோய். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013இல்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கலியாண வீட்டில் ஒரு பிடி கூடச் சாப்பிடுவதெல்லாம் இந்த நோயில் சேராது. கொஞ்ச நேரத்துக்குள் மற்றவர்கள் சாப்பிடக்கூடியதைவிட மிக அதிகமாகச் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு இருக்க வேண்டும். பசியில்லாமல் தின்பது, அவசரமாக விழுங்குவது, வயிறு நோகும்வரை தின்பது, வெட்கத்தில் ஒளித்துத் தின்பது, பிறகு தன்மீதே அருவருப்புக் கொள்வது ஆகியவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்திருக்க வேண்டும். இப்படிச் சராசரியாகக் கிழமைக்கு ஒரு தடவையாவது மூன்று மாதம் நடந்து, மனதை வாட்டினால்தான் நோய் என்பார்கள். தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றுகிறவர்களுக்கு இருப்பது வேறு நோய். இந்த விவரத்தை முதன்முதலாக வாசித்தபோது, என் குசினி ஜன்னலுக்கு வெளியே நின்று யாரோ பார்த்து எழுதியதுபோல இருந்தது.

சீனி வருத்தக்காரரின் தட்டு ஊருக்குப் பொதுவானது. மாசிமகத் தேர்த் திருவிழாவுக்கு வந்த உறவுகளோடு பந்தியில் உட்கார்ந்தால், பாயாச வாளி என் பக்கம் வருவதற்கு முன்பே எங்கிருந்தோ ஒரு குரல் வரும்: "டீச்சருக்குச் சீனி, ஊத்தாதீங்க." அடுத்த நிமிடம் இன்னொருவர், "ஒரு நாளைக்குத்தானே, சாப்பிட்டா ஒண்டும் ஆகாது" என்பார். இரண்டு பேருமே என்மீது அன்பு வைத்தவர்கள்தான். ஆனால் நான் எடுக்கும் ஒவ்வொரு பிடியையும் பத்துக் கண் பார்க்கும்போது நான் பறவைபோலக் கொறிப்பேன். மெச்சுவார்கள். அன்று இரவு வீடு அடங்கிய பிறகு குசினியில் நடப்பதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. பகலில் அடக்கியது இரவில் வட்டியோடு வந்தது. இந்தக் கணக்கு விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

சீனி வருத்தக் கிளினிக்கும் அப்படித்தான். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய நாளில் விடியுமுன்பே நோயாளிகள் வந்து நிற்பார்கள், ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கமிருந்தெல்லாம். மடியில் சாப்பாட்டுப் பார்சல். இரத்தம் எடுத்த பிறகுதான் அதை அவிழ்க்கலாம். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள். "பத் அடு கரன்ன, சீனி கன்ன எபா" என்று சிங்களத்தில் சொல்வார் தாதி மிஸ். சோற்றைக் குறைக்கவும் சீனியைத் தொடாதிருக்கவும் நானும் தலையாட்டுவேன். அந்தச் சனத்துக்குள் அவர் அதற்குமேல் என்ன கேட்க முடியும்? அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

கிளினிக் திகதிக்கு முந்திய சில நாள் நான் தவம் இருப்பதுபோல இருப்பேன். இராச் சாப்பாட்டை விடுவேன், பகலில் கீரையும் ஒரு கரண்டிச் சோறும்தான். வெறும் வயிற்றுச் சோதனை 131 என்று காட்டும். 126ஐத் தொட்டால் நீரிழிவு என்கிற கணக்கில் அது ஒன்றும் மோசமில்லை. "பரவாயில்ல" என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிடுவார்கள். அன்று பின்னேரமே பேக்கரியில் நிற்பேன். வருடக்கணக்காக என் கொப்பி நல்ல பிள்ளையாகவும் என் உடம்பு வேறு ஒன்றாகவும் இருந்தது. கால் எரிச்சல் ஏன், கண் மங்குவது ஏன் என்று அந்தக் கொப்பியைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஒரு நாள் புதிதாக வந்திருந்த இளம் டொக்டர், தமிழ் பேசுகிற பிள்ளை, எச்.பி.ஏ.1.சி சோதனைக்குச் சீட்டு எழுதித் தந்தார். வெளியில்தான் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியை அது காட்டும், முதல்நாள் பட்டினியால் அதை ஏமாற்ற முடியாது. எனக்கு 9.2 வந்தது. இரத்தச் சீனி சராசரியாக 217 என்று அர்த்தம். ஏழுக்குக் கீழே வைத்திருப்பதுதான் பொதுவாக இலக்கு.

அவர் ஏசவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "டீச்சர், ரத்தம் குடுக்கிறதுக்கு முந்தின நாள் நீங்க ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. "மத்த நாள்ல எப்படி? தொடங்கினா நிப்பாட்ட முடியாம, தனியா, ஒளிச்சு சாப்பிடுற மாதிரி நடக்கிறதா? நிறையப் பேருக்கு நடக்குது டீச்சர், அதனாலதான் கேக்கிறேன்."

நான் கொப்பியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி வசனம் இல்லாதிருந்தால் "அப்படியெல்லாம் இல்ல டொக்டர்" என்றுதான் சொல்லியிருப்பேன். நிறையப் பேருக்கு நடக்கிறது என்று கேட்டதும் அழுகை வந்தது. "ஆமா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். கிழமைக்கு எத்தனை தடவை, எவ்வளவு காலமாக, பசியில்லாத போதும் நடக்கிறதா, பிறகு மனம் எப்படி இருக்கிறது, வாந்தி எடுக்கப் பார்ப்பதுண்டா, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கிட்டத்தட்ட இதே கேள்விகளை வைத்து ஏழு கேள்விப் படிவம் ஒன்று 2016இல் வெளிவந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதில் முதல் கேள்விக்கே "இல்லை" என்றால் மிச்சத்தைக் கேட்கத் தேவையில்லை. நோய் இது என்று தீர்ப்புச் சொல்வது அந்தப் படிவத்தின் வேலையில்லை. மேலும் விசாரிக்க வேண்டிய ஆள் யார் என்று காட்டிக்கொடுக்கும், அதுவே பெரிய விஷயம்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என்னைக் காப்பாற்றிய கேள்வி. "ராத்திரியில எழும்பி சாப்பிடுற நேரம் வேர்க்குதா, கை நடுங்குதா?" சில நாள் அப்படியும் இருந்தது. எனக்குத் தந்திருந்த மாத்திரைகளில் மெட்போமினோடு கிளிக்லசைடும் உண்டு. கிளிக்லசைட் உடம்பை இன்சுலின் சுரக்க வைக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். நானோ நல்ல பிள்ளையாக மாத்திரையை விழுங்கிவிட்டு, இன்னும் நல்ல பிள்ளையாக இராச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். நடுச்சாமத்தில் சீனி இறங்கும். உடம்பு உயிருக்குப் பயந்து எழுப்பும். அப்போது வருவது பேய்ப் பசி. அந்தப் பசிக்குத் தின்பது நோயில்லை, தின்னாவிட்டால்தான் ஆபத்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணித்தியாலம் பொறுத்து, மறுபடி சோதித்துப் பார்த்து, பிறகு ஒரு சிறு சாப்பாடு எடுக்க வேண்டும். ஆனால் எனக்கு அந்தப் பசி எது, மற்றப் பசி எது என்று பிரித்தறியத் தெரியாமல் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிப் போயிருந்தன. டொக்டர் முதலில் மாத்திரையின் அளவைக் குறைத்தார். எந்த இராச் சாப்பாட்டையும் விடக்கூடாது என்றார். அதற்குப் பிறகும் மிஞ்சிய இரவுகள்தான் மற்ற நோய்க்குரியவை. சீனி வருத்தக்காரரிடம் இந்த நோயைத் தேடுகிற எவரும் மாத்திரைச் சீட்டையும் இன்சுலின் அளவையும் முதலில் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பட்டினிக்கும் இந்த வெறிக்கும் உள்ள உறவு பழைய கதை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1945இல், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். நல்ல உடல்நலமும் மனநலமும் உள்ள தொண்டர்கள் அவர்கள். பட்டினி நாட்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். அவர்களுக்குக் குணக்கேடா? பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை அது.

என் அம்மா ரத்தோட்டைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். 1973, 74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டப்புறங்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். எனக்கு நினைவு தெரியாத வயது. ஆனால் அந்தப் பஞ்சம் எங்கள் காம்பராவை விட்டுப் போகவே இல்லை. தலையணைக்குக் கீழே ரொட்டித் துண்டைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டுதான் அம்மா தூங்குவார், சாகும்வரை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டார். 2022இல் கடைகளில் சாமானும் இல்லாமல், இருந்ததற்கும் விலை ஏறி, அடுத்த கிழமை என்ன கிடைக்குமென்று தெரியாத நாட்களில் என் இரவுகள் மிக மோசமாகின. அலுமாரியின் பின்னால் நான் பிஸ்கட் ஒளித்து வைக்கத் தொடங்கியது அந்த வருடம்தான். சாப்பாட்டுக்கு உத்தரவாதமில்லாத வீடுகளில் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கொழுத்த நாடுகளின் வியாதி என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் எங்கள் லயங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

டொக்டர் என்னை மனநல வைத்திய அதிகாரியிடம் அனுப்பினார். பெயரைக் கேட்டதும் பயந்தேன், ஊர் என்ன சொல்லும் என்று. அங்கே சொன்னவை மிகச் சாதாரணமாக இருந்தன. காலை, பகல், இரவு என்று மூன்று வேளை, இடையில் இரண்டு சிறு சாப்பாடு, எதையும் தவறவிடாதே. நேற்று இரவு என்ன நடந்திருந்தாலும் இன்று காலைச் சாப்பாட்டை விடாதே. ஒரு கொப்பியில் நேரம், சாப்பிட்டது, அப்போது மனதில் இருந்தது, மூன்றையும் எழுது. வழிகாட்டியோடு நடக்கும் இந்தச் சுய உதவி முறையைத்தான் பெரியவர்களுக்கான முதல் சிகிச்சையாக இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியும் சொல்கிறது. அதனால் பயன் கிடைக்காவிட்டால் அடுத்தது மனநடத்தைச் சிகிச்சை. காலையில் இரண்டு இடியப்பத்தைக் கூசாமல் சாப்பிடுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. இரவு தின்றவளுக்குக் காலையில் சாப்பாடு எதற்கு என்று மனம் ஏசும். ஆனால் இந்தக் கொப்பி உண்மையைச் சொன்னது. காலைச் சாப்பாட்டை விட்ட நாட்களின் இரவுகளிலும், அதிபரிடம் பேச்சு வாங்கிய நாட்களின் இரவுகளிலும்தான் குசினிக்குப் போயிருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பாண் குறையிறத நான் கவனிச்சேன், நீதான்னு நினைக்கல" என்றார். அதற்குப் பிறகு இரவில் நான் எழும்பினால் அவரும் எழும்பி வந்து குசினி லைட்டைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்காருவார். ஒன்றும் கேட்கமாட்டார். முழுதாக நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். வெகுவாகக் குறைந்துவிட்டது. எச்.பி.ஏ.1.சி எட்டுக்குக் கீழே வந்திருக்கிறது, எடை கொஞ்சம்தான் குறைந்தது.

அமெரிக்காவில் 2001இல் தொடங்கிய லுக் அஹெட் என்ற பெரிய ஆய்வில் இரண்டாம் வகை நீரிழிவும் கூடிய எடையும் உள்ள 5145 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் முன்பு இப்படித் தின்றுவந்து, பிறகு அதை நிறுத்திவிட்டவர்கள், இந்தப் பழக்கமே இல்லாதவர்கள் அளவுக்கு எடை குறைத்தார்கள். நிறுத்த முடியாதவர்களுக்கு அந்தளவு குறையவில்லை. எங்கள் இலங்கையில் வடக்கு கிழக்கு தவிர்ந்த ஏழு மாகாணங்களில் 2005, 2006இல் நடந்த ஆய்வு, 20 வயது தாண்டிய பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு என்று கண்டது. நீரிழிவின் முன்நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தால் ஐந்து பேரில் ஒருவர். இத்தனை பேருக்கும் நாங்கள் சோற்றைக் குறை என்கிறோம். குறைக்க முடியாத ஒரு பகுதியினரைக் கண்டுபிடிக்க ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தன் சிகிச்சை வழிகாட்டியில் உண்ணும் கோளாறுகளைத் தேடிப் பார்க்கும்படி சொல்கிறது. எங்களுக்கு அதைச் செய்யப் பெரிய செலவு தேவையில்லை. எடை பார்க்கிற மேசையைச் சனத்துக்கு நடுவிலிருந்து ஒரு திரைக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். எண்ணை உரக்க வாசிக்கக்கூடாது. அந்த இடத்திலேயே வருடத்துக்கு ஒரு தடவை, கொப்பி நல்ல எண்ணும் எச்.பி.ஏ.1.சி கெட்ட எண்ணும் காட்டும்போது இன்னொரு தடவை, சிங்களத்திலும் தமிழிலும் இரண்டு கேள்வி: மற்றவர்களைவிட மிக அதிகமாக ஒரே மூச்சில் சாப்பிட்டதுண்டா, அப்போது நிறுத்த முடியாமலிருந்ததா. ஆம் என்றால் மிச்சத்தை டொக்டர் கேட்கட்டும். கேட்டுவிட்டு அனுப்புவதற்கு இடம் இல்லையே என்று ஒரு தாதி மிஸ் என்னிடம் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆனால் அனுப்ப இடமில்லாவிட்டாலும் மாத்திரையின் அளவை மாற்றலாம், இராச் சாப்பாட்டை விடாதே என்று சொல்லலாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுக்கலாம். எனக்கு முதல் உதவியாக இருந்தவை இவைதான்.

போன கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன். எல்கடுவப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சோறு குறைத்தும் சீனி குறையவில்லை என்று புலம்பினார். நான் என் கதையைச் சொன்னேன், பானை மூடியில் துணி சுற்றியது உட்பட. அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் மாவு டின்னத் தொறப்பேன் டீச்சர். பச்ச மாவு, சீனியோட," என்றார். பிறகு, "டொக்டர்கிட்ட சொன்னா ஏசுவாங்களா?"

"ஏசமாட்டாங்க. ஏசினாலும் நான் பக்கத்துல இருப்பேன். உங்க நம்பர் என்ன?"

அவருடையது எனக்கு நாலு நம்பர் பின்னால் இருந்தது. என் முறை வந்தபோது எங்கள் இரண்டு கொப்பிகளையும் சேர்த்துக் கொடுத்து, ஒன்றாக உள்ளே விடச் சொல்லிக் கேட்டேன்.